வீட்டுக்கு ஒரு நூரா

ஐரோப்பா, ஐரோப்பா என்று மூன்று வருடம் என் கணவர் மிஷாரியின் உயிரை வாங்கியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாத்தனார் ஹஸ்ஸா மேல் தப்பு, மிஷாரி மேல் தப்பு, அந்த வேன் ஓட்டியவன் மேல் தப்பு என்று யாரும் வந்து எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். என் மகள் ஜூரி, நாலு வயசு, ஆஸ்திரியாவில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் "யும்மா, யும்மா" என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பத்து நிமிட நடைத் தூரத்தில் நான் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்த என்னை ஏன் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ரியாத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. பதினொரு வருடமாக ஆல்ப்ஸ் மலையைப் பலகையில் வரைந்துகொண்டிருக்கிறேன். மாணவிகளில் பாதிப் பேர் கோடையில் அதை நேரிலேயே பார்த்துவிட்டு வருவார்கள். வந்து, "டீச்சர், அங்க இப்படி இருக்காது, ஏரி இந்தப் பக்கம்" என்று என்னையே திருத்துவார்கள். ஆசிரியர் அறையில் ஆளாளுக்கு ஜெல்லம்ஸி படங்களை நீட்டுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஆஸ்திரியாவின் அந்த ஏரிக்கரை ஊரின் பெயரை ஒரே வார்த்தையாக அப்படித்தான் சொல்வார்கள். நான் ஆகஸ்ட் மாதத்தில் ரியாத்தில் குழாயைத் திறந்து, தேநீர் போடும் சூட்டில் வருகிற தண்ணீரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மிஷாரி அசையவில்லை. மலைதானே, அபஹாவுக்குப் போவோம், நம் நாட்டிலேயே இருக்கிறது என்றார். அபஹாவில் குரங்குதான் இருக்கிறது, பனி இல்லை என்றேன். குரங்கும் அல்லாஹ்வின் படைப்புதானே என்றார். இப்படியே மூன்று கோடை போயிற்று. கடைசியில் அவருடைய அக்கா ஹஸ்ஸாவின் கணவருக்கு முதுகு வலி வந்தது. மியூனிக்கில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும், பக்கத்தில்தான் ஜெல்லம்ஸி, எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று ஹஸ்ஸா ஒரு வார்த்தை சொன்னாள். உடனே சரி என்றுவிட்டார். நான் தலைகீழாக நின்றபோது நடக்காதது, அக்கா தன் கணவர் முதுகைக் காட்டியதும் நடந்தது.

தங்கும் வீட்டை நான்தான் பிடித்தேன். என் சம்பளம், என் அட்டை, என் பெயர்: முதாவி அப்துல்லா அல்-துவைஹி. எங்களில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் வீட்டுப் பெயரோடுதான் இருப்போம். பிள்ளைகளுக்குத்தான் கணவர் வீட்டுப் பெயர், அல்-முஹைசின். அந்தப் படிவத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் எழுதவே இடமில்லை. எண்ணிக்கை மட்டும்தான் கேட்டார்கள். இரண்டு என்று எழுதினேன். ஐரோப்பாவில் நான் உன் விருந்தாளி, என்னைச் சரியாகக் கவனித்துக்கொள் என்று மிஷாரி கேலி செய்தார்.

இங்கே என் பெயரை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் பெயர் வெளி ஆண்கள் வாயில் வரக் கூடாது. மிஷாரி வெளியே என்னை "உம் நவ்வாஃப்" என்பார், மூத்தவன் நவ்வாஃபின் தாய். அவர் கைபேசியில் என் எண்ணுக்குப் பெயர் "வீடு". அலுவலகத்தில் அடித்தால் "வீடு அழைக்கிறது" என்று வரும். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுவீர்களா, கொத்தனாரைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டிருக்கிறேன். என் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயர் கிடையாது. அப்துல்லாவின் மகள், அவ்வளவுதான். பெரியவர்கள் இப்படியென்றால் சின்னப் பயல்கள் இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய உம்மாவின் பெயரைத் தெரிந்துகொண்டு மைதானத்தில் கத்துவதைப் போல அவமானம் அவர்களுக்கு வேறு இல்லை.

நவ்வாஃபுக்கு அது போன வருடம் நடந்தது. மருந்துக்கடைப் பையில் எழுதியிருந்த என் பெயரை எவனோ ஒரு வகுப்புப் பயல் படித்துவிட்டு, "முதாவி மகனே" என்று கூவியிருக்கிறான். நவ்வாஃப் அவன் வாயிலேயே குத்திவிட்டான். பல் பாதி உடைந்தது. பள்ளியில் மிஷாரியைக் கூப்பிட்டார்கள். போனவர் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மகனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு சுற்றினார். பிறகு கீழே இறக்கி நிறுத்திச் சொன்னார்.

"அடிக்காதடா. யாராவது ரொம்பத் தொந்தரவு பண்ணா நூரான்னு சொல்லிடு. வீட்டுக்கு ஒரு நூரா இருக்கா. எந்த நூரான்னு தேடிக்கிட்டுக் கெடக்கட்டும்."

எல்லாரும் சிரித்தோம். அதில் அதிகமாகச் சிரித்தது நான். அன்றைக்குச் சாயங்காலம் அவனுக்குப் பிடித்த லுகைமாத் உருண்டைகளைப் பொரித்து, பாகில் முக்கித் தட்டு நிறையக் கொடுத்தேன். உலக வரைபடத்தை வைத்து ஊரான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், என் பெயருக்காக என் மகன் ஒருவன் பல்லை உடைத்தான் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அப்படிப் பூரிக்காத உம்மா எங்கள் தெருவில் ஒருத்தியும் இல்லை.

ஜெல்லம்ஸியில் முதல் மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. ரியாத்தில் பாதி அங்கேதான் இருந்தது. ஏரிக்கரையில் நடந்தால் எதிரே வருவது எங்கள் தெருக்காரர்கள். அந்த நாட்டில் முகத்தை மூடக் கூடாது என்று சட்டம், அதனால் நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி முகக்கவசம் போட்டுக்கொண்டு அலைந்தோம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ நோயாளிகள் கூட்டம் புல்வெளியில் உட்கார்ந்து காவா காப்பி குடிப்பதுபோல் இருந்திருக்கும். ஜூரி தண்ணீரில் மிதக்கும் ஒவ்வோர் அன்னத்துக்கும் தனித்தனியாக ஸலாம் சொன்னாள். ஒன்றும் பதில் சொல்லவில்லை என்று அண்ணனிடம் புகார் சொன்னாள். அதுகளுக்கு அரபு தெரியாது என்று அவன் பெரிய மனுசன் மாதிரி விளக்கினான். நீ ஆம்பளப் பிள்ளை, தங்கச்சி கையை விடாதே, அவளைத் தனியா விட்டுட்டு எங்கயும் போகாதே என்று அவனிடம் நாளைக்கு நூறு தடவை சொல்வோம். அவனுக்கு ஏழு வயசு.

நாலாம் நாள் விடிந்ததும் ஆண்கள் இருவரும் மியூனிக்குக் கிளம்பிப் போனார்கள். எனக்கு மாதாந்திர வலி, எழுந்திருக்க முடியவில்லை. ஹஸ்ஸா தன் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிமலைக்குப் போகப்போவதாக முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவர்கள் இருந்தது கீழ்த் தளத்தில். என் இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போ, பத்து மணிக்குக் கீழே அனுப்புகிறேன் என்று கைபேசியில் பேசி அனுப்பினேன். ஒரே வார்த்தையில் பதில் வந்தது, "இன்ஷா அல்லாஹ்."

இந்த வார்த்தையைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். அல்லாஹ் நாடினால் என்று பொருள். சொல்கிறவர் ஆமாம் என்பதற்கும் அதைத்தான் சொல்வார், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டாலும் அதைத்தான் சொல்வார். குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நான் தலைவலியோடு, வயிற்றுவலியோடு, அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து பிள்ளைகளை ஒருத்தியாக மேய்க்க முடியாது என்று ஹஸ்ஸா சொன்ன இன்ஷா அல்லாஹ் அது. ஒன்பதரைக்கே பேருந்தைப் பிடித்துப் போய்விட்டாள்.

நான் பத்து மணிக்கு இரண்டு பேருக்கும் கம்பளிச் சட்டை மாட்டி, ஜூரிக்குத் தலை வாரி, கீழே போய் அத்தை கதவைத் தட்டுங்கள் என்று அனுப்பினேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கிப் போவதைக் கேட்டேன். திரையை இழுத்துவிட்டு இரண்டு மாத்திரை போட்டுப் படுத்தேன். கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று தெருவைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இந்த ஊரிலுமா நிம்மதி இல்லை என்று தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டேன்.

நடந்ததை நான் பிறகு பலர் வாயால் கேட்டுச் சேர்த்துவைத்தது இது. அத்தை கதவு திறக்கவில்லை. அத்தை பேருந்து நிறுத்தத்தில் இருப்பாள், ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்று நவ்வாஃப் தீர்மானித்திருக்கிறான். என்னை எழுப்பக் கூடாது, உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு ஏரிச் சாலை வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிருக்கிறான். அங்கே கரையில் ஓர் அன்னம் ஏறி நின்றிருக்கிறது. ஜூரி கையை உருவிக்கொண்டு ஓடினாள். ரொட்டி கொண்டுபோகிற வேன் அது. ஓட்டியவன் வேகமாகக்கூட வரவில்லையாம், பிரேக்கைப் போட்டுக்கொண்டேதான் மோதியிருக்கிறான். ஆம்புலன்ஸில் நவ்வாஃபும் ஏறிக்கொண்டான். அவனை இறக்கப் பார்த்தவர் கையைக் கடித்துவிட்டானாம்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஜூரிக்கு நினைவு இருந்தது, பேசவும் பேசினாள். பேசியதெல்லாம் ஒரே வார்த்தைதான். அறுவைச் சிகிச்சைக்குத் தயார்செய்துகொண்டே, தாயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று போலீசிடம் சொன்னார்கள். போலீசார் வந்து நவ்வாஃபிடம் அவனுக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் கேட்டார்கள். தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் கணீரென்று சொன்னான். பாபா மியூனிக்கில் என்றான். தொலைபேசி எண் தெரியவில்லை. பதினாறு நாட்டுத் தலைநகரங்கள் அவனுக்கு மனப்பாடம், நான் சொல்லிக்கொடுத்தேன். என் எண்ணை மனப்பாடம் செய்யவைக்க எனக்குத் தோன்றவில்லை. வீடு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, பால்கனியில் சிவப்புப் பூ இருக்கும் என்றிருக்கிறான். அந்த ஊரில் சிவப்புப் பூ இல்லாத பால்கனியே கிடையாது. வண்டியில் ஏறு, தெருத்தெருவாகப் போய்ப் பார்ப்போம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தங்கச்சியைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டானாம்.

அங்கே காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு குவைத்காரர் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான், நொண்டிக்கொண்டே வந்து பையனிடம் குனிந்து கேட்டிருக்கிறார், உன் உம்மா பெயர் என்ன என்று. எங்கள் பக்கத்து உடுப்பு, எங்கள் பக்கத்துப் பேச்சு, மீசை. யாரிடம் சொல்லக் கூடாது என்று வளர்த்தோமோ அதே மாதிரி ஓர் ஆள். நவ்வாஃப் முதலில் உம் நவ்வாஃப் என்றான். அது இல்லை தம்பி, சொந்தப் பெயர் வேண்டும், போலீஸ் கேட்கிறது என்று அவர் வற்புறுத்தினார். ரொம்பத் தொந்தரவு பண்ணா என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியுமே.

நூரா என்று சொன்னான்.

குவைத்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டதே அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். தங்கச்சியின் பெயரைக் கேட்டதற்கும் "தங்கச்சி" என்றுதான் சொல்லியிருக்கிறான், அதையும் அவர் விட்டுவிட்டார். போலீசார் நூரா அல்-முஹைசின் என்று எழுதிக்கொண்டு போய், ஊரில் இருக்கிற விடுதிப் பதிவுகளையெல்லாம் தேடினார்கள். முஹைசின் என்று ஒரு வீடும் இல்லை. நூரா என்று ஏழு பேர் கிடைத்தார்கள். ஒவ்வொரு நூராவின் கதவாகப் போய்த் தட்டியிருக்கிறார்கள். ஏழு நூராக்களும் பதறிப்போய்த் தங்கள் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து, எல்லாரும் இருக்கிறார்கள், அல்லாஹ்வுக்கே புகழ் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜூரியை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

நான் பன்னிரண்டரைக்கு எழுந்தேன். வலி விட்டிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி அமைதியாக இருந்து என்று நினைத்துக்கொண்டேன், அதையும் மறைக்கப்போவதில்லை. பனியில் விளையாடிவிட்டுப் பசியோடு வருவார்கள் என்று கோழியை வேகவைத்துக் கப்ஸாவுக்கு அரிசி ஊறப்போட்டேன். ஜூரிக்குத் திராட்சை போட்டால் பிடிக்காது, அவளுக்குத் தனியாக எடுத்துவைக்க ஒரு கிண்ணம் கழுவினேன். ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தாள், கையில் ஒரு காகிதம். அதைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக்கூட்டி, என் பெயரை முழுசாகப் படித்தாள். தகப்பன் பெயர், குடும்பப் பெயர் எல்லாம். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அடுப்பை அணைக்கச் சொல்லிக் கையால் காட்டினாள்.

ஆஸ்பத்திரி எங்கள் பால்கனியிலிருந்து தெரிகிற கூரைதான். மூன்று நாளாக அதைப் பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளை ஒரு சின்ன அறையில் படுக்கவைத்திருந்தார்கள். தலையில் கட்டு, முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலின் கால்மாட்டில் பெயர்ப் பலகையில் அவர்கள் எழுத்தில் எழுதியிருந்தது, "யும்மா அல்-முஹைசின்." பிள்ளை திரும்பத் திரும்ப அதையே சொன்னதால் அதுதான் அவள் பெயர் என்று எழுதிவிட்டார்களாம். ஒரு தாதி கடைசி வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யும்மா, யும்மா" என்று அவளையே அப்படிக் கூப்பிட்டுத் தேற்றியிருக்கிறாள். மருத்துவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், நீங்கள் முன்னாலேயே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று. ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார் பாவம். காப்பாற்றுவதையா நான் கேட்டேன்? கையைப் பிடித்திருப்பேனே. இதோ இருக்கிறேன் என்று ஒரு தடவை சொல்லியிருப்பேனே. நான் அந்தத் தரையில் விழுந்து கத்தினேன். எனக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை மர்வான் சொன்னார். சிரியாவில் இத்லிப்காரர், அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, பகல் முறைக்கு ஒரு மணிக்கு வருகிறவர். உள்ளே வரும்போதே பிள்ளை இறந்த செய்தி அவருக்குத் தெரிந்துவிட்டது. நவ்வாஃபுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நூரா என்ற பெயரைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஐந்து கோடைக்காலம் எங்கள் ஆட்களைப் பார்த்தவர். போய் நவ்வாஃப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாராம். அவர்கள் ஊரில் சின்னப் பையனையும் "அம்மோ", அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அம்மோ, ஒங்க உம்மா பேரு நூரா இல்லதான?"

அவன் செருப்பு நுனியைத் தரையில் தேய்த்தான்.

"சரி, மொதல்ல நான் எங்க உம்மா பேரச் சொல்றேன். ஃபத்தூம். இப்ப நீ என்னக் கேலி பண்ணணும்னா பண்ணிக்க."

நவ்வாஃப் அவரை ஏற இறங்கப் பார்த்தானாம். "அவங்க உசுரோட இருக்காங்களா?"

"இல்ல, செத்துட்டாங்க."

"அதான் சொல்றீங்க."

"உசுரோட இருந்தப்பயும் ஊரே அப்படித்தான் கூப்புட்டுச்சு. ஒண்ணும் தேஞ்சு போயிடல."

நவ்வாஃப் எழுந்து நின்று, குவைத்காரர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தான். அவர் போய்விட்டிருந்தார். மர்வானின் காதில் இரண்டு கையையும் குவித்து வைத்து, என் பெயரைத் தகப்பன் பெயரோடு சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு ஒன்று கேட்டுக்கொண்டானாம்.

"அந்தப் பொம்பள போலீஸ்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஆம்பளைங்ககிட்ட சொல்லிடாதீங்க."

அதற்கப்புறம் பத்து நிமிடத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதிவேட்டில் முதாவி ஒரே ஒருத்திதான். இதைச் சொல்லும்போது மர்வான் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். இரண்டு மணி நேரம் முன்னால் வேலைக்கு வந்திருக்கக் கூடாதா, உம் நவ்வாஃப் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஹஸ்ஸா மூன்று மணிக்குப் பனிமலையிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டு நடைபாதையில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் என்னைப் பார்த்து, "நான் இன்ஷா அல்லாஹ்னுதான சொன்னேன், முதாவி" என்றாள். அந்த வார்த்தைமேல் நான் கோபப்பட முடியாது, அதில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது. ஆகவே அவளை ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவளோடு பேசியது ஒரே ஒரு வார்த்தைதான்.

மிஷாரி வந்து சேர்ந்தபோது மணி ஆறு. ஜூரியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நவ்வாஃப் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஏன்டா ராசா சொல்லல?"

"நீங்கதான பாபா நூரான்னு சொல்லச் சொன்னீங்க."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னபடி சரியாகச் செய்த பிள்ளை எப்படி நிற்பானோ அப்படி நின்றான். மிஷாரியை மர்வான்தான் வந்து தூக்கிவிட்டார். நான் போய் என் மகனைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது. ஏழு வயசுப் பிள்ளைமேல், நான் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுத்ததைச் செய்ததற்காகக் கோபம். இந்தப் பாவத்துக்கு நான் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

பெயரைத் திருத்தவே இரண்டு நாள் ஆயிற்று. காகிதங்களில் எல்லாம் யும்மா என்று இருந்ததை ஜூரி என்று மாற்றிக் கையெழுத்து வாங்கி, அவள் போன ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்பினோம். நாங்கள் மேலே உட்கார்ந்திருந்தோம், அவள் கீழே சாமான்களோடு வந்தாள்.

விமானத்தில்தான் அது ஆரம்பித்தது. பழச்சாறு என்ன வேண்டும் என்று பணிப்பெண் நவ்வாஃபிடம் குனிந்து கேட்டாள். அவன் அவளை நேராகப் பார்த்து, "எங்க யும்மா பேரு முதாவி அப்துல்லா அல்-துவைஹி. இவங்கதான்" என்று என்னைத் தொட்டுக் காட்டினான். அவள் சிரித்துவிட்டு, அழகான பெயர் என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்கள் திரும்பாமலே விறைத்தார்கள். ரியாத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கிற இளைஞனிடம் சொன்னான். அவன் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு முத்திரையைக் குத்தினான். பெட்டி எடுக்கிற இடத்தில் பாரம் தள்ளுகிறவரிடம் சொன்னான். மிஷாரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூரியை நான்தான் குளிப்பாட்டினேன். மேலே சுற்றுகிற கபன் துணி ஒரு பெரிய கைக்குட்டை அளவுக்கே போதுமாக இருந்தது. ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில் அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை, நான் வாசல் வரைக்கும்தான். அதற்கும் நான் இல்லை. குடும்பத்தாருக்கு அனுப்பிய மரண அறிவிப்பில், மிஷாரி அல்-முஹைசினின் மகள் இறைவனடி சேர்ந்தாள் என்று இருந்தது. அவள் பெயரையும் போடவில்லை. அதை எழுதிய மச்சானுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, காலங்காலமாக எழுதுகிறபடி எழுதினார்.

மூன்று நாள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஆண்கள் முன்கூடத்து மஜ்லிஸில், நாங்கள் உள்ளே. நடுவில் ஒரு கதவு. மிஷாரி பக்கத்தில் நவ்வாஃபை வெள்ளை உடுப்பு மாட்டி நிறுத்தியிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் மிஷாரியின் கையைப் பிடித்து, அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் என்று சொல்லிவிட்டுப் பையன் பக்கம் திரும்புவார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் சொன்னான்.

"எங்க யும்மா பேரு முதாவி அப்துல்லா அல்-துவைஹி. உள்ளதான் இருக்காங்க. கூப்புட்டா வருவாங்க."

மஜ்லிஸ் கப்பென்று அடங்கிப்போவது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. பெரிய சித்தப்பா ஒருவர் பேரீச்சம்பழத்தை அவன் வாயில் திணித்துப் பார்த்தார். மென்று விழுங்கிவிட்டு அடுத்தவரிடம் மறுபடி சொன்னான். அறுபது எழுபது பேர் இருப்பார்கள், ஒருவரையும் விடவில்லை. என்னைச் சுற்றி இருந்த பெண்கள் காதில் விழாதது மாதிரி பூனைக்குட்டிக் குரலில் துஆ ஓதினார்கள். ஹஸ்ஸா எழுந்து போய்க் கதவைச் சாத்தப் போனாள். சாத்தாதே என்றேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நவ்வாஃப் வகுப்பில் எல்லாருக்கும் என் பெயர் தெரியும், அவனே முதல் நாள் எழுந்து நின்று சொல்லிவிட்டானாம். ஒருவனும் கேலி செய்யவில்லை என்று வாத்தியார் மிஷாரியிடம் சொன்னார். காலப்போக்கில் நின்றுவிடும், வற்புறுத்தாதீர்கள் என்று மனநல மருத்துவர் சொல்கிறார். மளிகைக்கடைக்காரரிடம் சொல்கிறான், தண்ணீர்க் கேன் போடுகிறவரிடம் சொல்கிறான், வாசலில் நிற்கிற முகம் தெரியாத ஆளிடம் சொல்கிறான். நான் சமையலறையில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும் அது எனக்குக் கேட்டுவிடுகிறது. கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று ஓடுகிறேன். போய்ப் பார்த்தால் அவன் மட்டும் நிற்கிறான்.